குறியாக்கப் பொதியில் பராமரிப்பாளர் கை வைக்கலாமா?

14 ஜூன் 2025, இரவு 9.40 (வள்ளியூர் வாசகர்)

அக்கா, டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் குறியாக்க மென்பொருளை நிறுவத்தக்க பொதியாகக் கட்டுகிறவர்கள், அதாவது பராமரிப்பாளர்கள், மூல நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடக்கூடாது என்பது என் கட்சி. ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நூலகத்தின் பொதியில் பராமரிப்பாளர் கை வைத்ததால் குறியாக்கச் சாவிகள் ஊகிக்கக்கூடியவை ஆனது 2008இல் தெரியவந்ததே, அது போதாதா? எழுதியவர்களுக்குத் தெரியாதது கட்டுகிறவருக்குத் தெரிந்துவிடுமா? தபால்காரர் கடிதத்தைப் பிரித்துத் திருத்தலாமா? தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறைக்கான நூலகம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நீங்கள் பார்த்துவருகிறீர்கள். அதில் எத்தனை பேட்ச் (மூல நிரலின் மேல் நீங்கள் போடும் மாற்றங்கள்) வைத்திருக்கிறீர்கள், எதற்காக?

14 ஜூன் 2025, இரவு 11.15

ஏழு. இரண்டு, கையேட்டுப் பக்கங்களில் உள்ள பிழைகளைத் திருத்துபவை. ஒன்று, கட்டிய நாளையும் நேரத்தையும் பைனரிக்குள், அதாவது இயந்திரம் ஓட்டும் கோப்புக்குள், பதிக்கும் வரியை நீக்குவது. அந்த வரி இருந்தால் இருவர் தனித்தனியே கட்டும்போது ஒரே பைட்டுகள் வராது. நான் கட்டியதை இன்னொருவர் கட்டிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லாமல் போகும். ஒன்று, மெதுவான இயந்திரங்களில் சோதனைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது. இரண்டு, தலைமடையில் ஏற்றுக்கொள்ளப்பட்டு அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருப்பவை. ஏழாவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று முடியாது.

தலைமடை என்று நான் சொல்வது மூல நிரலை எழுதி வெளியிடுகிறவர்களை. நான் பத்தமடைக்காரி. கன்னடியன் கால்வாயின் பத்தாவது மடை என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். எழுதுகிறவர் தலைமடையில் இருக்கிறார். கட்டளையைத் தட்டி நிறுவிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவர் கடைமடையில் இருக்கிறார். இடையில் மடை பார்க்கிறவருக்கு வேலையே இல்லை என்று எங்கள் பக்கத்தில் எந்த விவசாயியும் சொல்லமாட்டார். தபால்காரர் உவமையை நான் ஏற்கவில்லை, தம்பி. 2008 பற்றி நாளை.

15 ஜூன் 2025, காலை 6.20

நடந்தது இதுதான். நினைவகத்தில் மதிப்பு நிரப்பப்படாத இடத்தை நிரல் படித்தால் அதைச் சுட்டிக்காட்ட வால்கிரைண்ட் என்றொரு கருவி இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் எந்த நிரலை ஓட்டினாலும் அது எச்சரிக்கைகளைக் கொட்டியது. காரணம், சாவிகளுக்கு அடிப்படையான தற்செயல் எண்களை உருவாக்கும் கோப்பில் இருந்த இரண்டு வரிகள். டெபியன் பராமரிப்பாளர் 2006இல் அந்த இரண்டையும் முடக்கினார். எச்சரிக்கை நின்றது. ஆனால் எண் உருவாக்கத்துக்குள் தற்செயல் தன்மையைக் கொண்டுவந்து ஊற்றிய வாய்க்காலும் அத்துடன் அடைபட்டது. ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் செயல் எண் மட்டுமே உள்ளே போய்க்கொண்டிருந்தது. லினக்ஸில் அது வழக்கமாக 32,768ஐத் தாண்டாது. ஆகவே ஒரே வகை இயந்திரத்தில், ஒரே நீளத்தில், ஒரே வகைச் சாவியை உலகம் முழுவதும் உருவாக்கினாலும் மொத்தம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாவிகள்தான் வரும். ஒரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் உருவாக்கி அடுக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

2006 செப்டம்பரில் பொதிக்குள் போனது. 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ இருபது மாதங்களில் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை.

அந்த மே மாதம் நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். கோடை விடுமுறை. பொதியை மேம்படுத்தினால் போதும் என்று நினைத்து நாற்பது இயந்திரங்களையும் ஒரே பகலில் மேம்படுத்திவிட்டு மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தேன். அறிவிப்பை இரவில் முழுதாகப் படித்தபோதுதான் புரிந்தது: நிரல் சரியாகிவிட்டது, சாவிகள் சரியாகவில்லை. மறுநாள் மீண்டும் போய் ஒவ்வொன்றிலும் சாவியை அழித்துப் புதிதாக உருவாக்கினேன். அதைவிட மோசமான செய்தி டிஎஸ்ஏ என்னும் கையொப்ப முறையின் சாவிகளைப் பற்றியது. வேறெங்கோ நல்லபடியாக உருவாக்கிய டிஎஸ்ஏ சாவியாக இருந்தாலும், பழுதான இயந்திரத்தில் அதைக் கொண்டு ஒரு முறை கையொப்பமிட்டிருந்தால் போதும், அதுவும் போனது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிய தற்செயல் எண் ஒன்று தேவை. அதை ஊகிக்க முடிந்தவர் சாவியையே கணக்கிட்டுவிடுவார்.

யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு வரிகளை முடக்கியதுதான் குற்றம். தொட்டதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

16 ஜூன் 2025, இரவு 10.05

நேற்று நான் எழுதிய கடைசிப் பத்தி தவறு. திருத்துகிறேன், ஏனென்றால் இதை நான் பதினேழு ஆண்டுகளாகத் தவறாகவே சொல்லிவந்திருக்கிறேன். இன்று பழைய மடல்களைத் தேடிப் படித்தேன். அவர் கேட்டிருக்கிறார். 2006 மே மாதம் ஓபன்எஸ்எஸ்எல் மடலாடற்குழுவில், இந்த இரண்டு வரிகளையும் நீக்கலாமா என்று வரிகளைக் காட்டியே கேட்டிருக்கிறார். பிழை தேடுவதற்கு உதவும் என்றால் நீக்கலாம் என்ற பொருளில் தலைமடையிலிருந்து பதிலும் வந்திருக்கிறது.

இது என்னை மிகவும் அசைத்துவிட்டது. கேட்டவர் பிழை தேடும்போது வரும் எச்சரிக்கையைப் பற்றிப் பேசினார். பதில் சொன்னவர், தன் கணினியில் பிழை தேடுவதற்காக ஒருவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார் போலும். இந்த மாற்றத்தை நான் டெபியன் பயனர்கள் எல்லோருக்கும் அனுப்பப்போகிறேன் என்ற வாக்கியம் மட்டும் கேள்வியில் இருந்திருந்தால்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, இருந்த இடங்கள்தான் வேறு. ஒன்று, தற்செயல் எண்ணை வெளியே கொடுக்கும் பகுதியில் இருந்தது. அதை நீக்கியதால் கேடு இல்லை. வால்கிரைண்ட் போன்ற கருவிகளுக்காக அதை விட்டுவிடும் ஏற்பாட்டை எழுதியவர்களே செய்துவைத்திருந்தார்கள். மற்றது, வெளியிலிருந்து வரும் தற்செயல் தன்மையைக் குளத்துக்குள் சேர்க்கும் பகுதியில் இருந்தது. அதுதான் உயிர். ஒன்று போகலாம் என்றால் அதே போன்ற மற்றதும் போகலாம் என்று தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியிருக்கும். அந்த மனிதரைத் திட்டி நான் பேசிய பேச்சுகளை எல்லாம் திரும்பப் பெற முடியாது; இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

17 ஜூன் 2025, காலை 7.00

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு வள்ளியூர் தம்பி கேட்கிறார்: "அப்படியானால் என் கட்சிதானே வென்றது? கேட்டும்கூடத் தவறிவிட்டதே."

வெல்லவில்லை. பொறுங்கள்.

22 ஜூன் 2025, மாலை 4.30

ஏழாவது பேட்ச்.

2021 ஜனவரி இறுதி. டெபியன் 11க்கான உறைநிலை, அதாவது புதிய பதிப்புகளை ஏற்பதை நிறுத்தும் கட்டம், நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் நூலகத்தின் புதிய வெளியீட்டைக் கட்டி ஏற்றினேன். ஒன்பது கட்டமைப்புகளில் (கணினிச் செயலி வகைகளில்) எட்டில் எல்லாச் சோதனைகளும் வென்றன. எஸ்390எக்ஸ் என்னும் ஐபிஎம் பெருங்கணினியில் ஒன்றே ஒன்று தோற்றது. ஒரு கட்டமைப்பில் கட்டுமானம் தோற்றாலும் பொதி அடுத்த கட்டத்துக்கு நகராது. உறைநிலைக்குள் போகாவிட்டால் பழைய பதிப்பே இரண்டு ஆண்டுகளுக்கு நிலைத்துவிடும்.

எத்தனை பேர் பெருங்கணினியில் எங்கள் சிறிய நூலகத்தை ஓட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். நிரலில் நான் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. அந்தச் சோதனையை மட்டும் அந்தக் கட்டமைப்பில் தவிர்க்கும்படி இரண்டு வரிகளில் ஒரு பேட்ச் போட்டேன். விளக்கம் எழுதும் இடத்தில் "எஸ்390எக்ஸில் தோற்கும் சோதனையைத் தவிர்த்தல்" என்று மட்டும் எழுதினேன். ஏன் தோற்கிறது என்று எழுதவில்லை, எனக்கே தெரியாது. தலைமடைக்கும் சொல்லவில்லை. பொதி நகர்ந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பரில் ஒரு வழு (பிழை) அறிக்கை வந்தது. எழுதியவர் பணிவான மனிதர். பெருங்கணினியிலிருந்து எந்த வெளிச் சர்வரோடு பேசினாலும் சாச்சா20 குறியாக்கம் தேர்வானால் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஏழு மாதங்களாக ஒவ்வொரு இயந்திரத்திலும் அந்தக் குறியாக்கத்தைக் கையால் முடக்கிவருகிறோம். எங்கள் பக்கத்துத் தவறா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

நான் தவிர்த்த சோதனை சாச்சா20க்கானதுதான்.

காரணம் எளியது. நான்கு பைட்டுகளை ஓர் எண்ணாகச் சேர்க்கும்போது கடைசியிலிருந்து சேர்க்க வேண்டும் என்பது சாச்சா20இன் விதி. நம் மேசைக் கணினிகள் இயல்பாகவே அப்படித்தான் சேர்க்கின்றன. ஆகவே நிரலில் அந்த விதியை எழுத மறந்திருந்தாலும் தெரியவராது. எஸ்390எக்ஸ் முதலிலிருந்து சேர்க்கும். டெபியன் 11இல் இருந்த ஒன்பதில் அப்படிச் செய்வது அது ஒன்றுதான். தலைமடையில் யாரிடமும் அந்த இயந்திரம் இல்லை. மற்ற எட்டும் மறைத்த பிழையை எனக்குக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு சாட்சி வந்தது. அந்தச் சாட்சியின் வாயை நான் பொத்தினேன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் இரண்டு வகைச் சோதனைகள் உண்டு. முதல் வகை, ஒன்றைப் பூட்டி அதையே திறந்து பார்ப்பது. அது எஸ்390எக்ஸிலும் வென்றது! தவறாகப் பூட்டியதைத் தவறாகவே திறந்தால் பழையது சரியாகத்தானே வரும். இரண்டாவது வகை, சாச்சா20ஐ விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 8439 ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் விடையோடு நம் விடையை ஒப்பிடுவது. தோற்றது அது. விடை தெரிந்த சோதனை தோற்றால் குறியாக்கமே தவறு என்று பொருள். வேறு பொருள் கிடையாது.

எஸ்390எக்ஸ் போல நடிக்கும் கியூஎமு போலி இயந்திரத்தில், ஒரு கட்டுமானத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருந்து, நான்கு நாட்களில் திருத்தம் கண்டேன். தலைமடை அதை ஏற்றுக்கொண்டது. டெபியன் 11 அதற்குள் ஆகஸ்ட் 14 அன்று வெளியாகிவிட்டிருந்தது, ஆகவே அடுத்த திருத்த வெளியீட்டில் சேர்த்தோம். இணைப்பு அறுந்ததோடு போயிற்று. அது கோப்புகளைப் பூட்டும் நூலகமாக இருந்திருந்தால் ஏழு மாதக் கோப்புகள் தவறான முறையில் பூட்டப்பட்டுக் கிடந்திருக்கும். திருத்தம் வந்த நாளில் எதுவுமே திறந்திருக்காது. இதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

ஏழாவது பேட்ச் அதற்குப் பிறகு வந்தது: விடை தெரிந்த சோதனைகளில் ஒன்று தவிர்க்கப்பட்டாலும் கட்டுமானம் அங்கேயே நின்றுவிடும். தலைமடை அதை எடுத்துக்கொள்ளவில்லை, தங்கள் அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றார்கள். நியாயம்தான். நான் மட்டும் சுமக்கிறேன்.

23 ஜூன் 2025, இரவு 9.50

அம்பாசமுத்திரத்தில் கணினிப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சர்வரைத் தணிக்கை செய்தவர்கள், டெபியன் 12இல் உள்ள எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 9.2 மிகப் பழையது, ஆபத்து என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்களாம். மூல நிரலை நேரடியாக இறக்கிப் புதியதை நிறுவிவிடட்டுமா என்கிறார்.

வேண்டாம், அண்ணாச்சி. தயவுசெய்து செய்யாதீர்கள். டெபியன் 12 போன்ற நிலையான வெளியீட்டில் நாங்கள் புதிய பதிப்பை ஏற்றுவதில்லை. அதிலுள்ள பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுகிறோம். பதிப்பு எண்ணின் வாலைப் பாருங்கள். 2023 டிசம்பரில் வெளிவந்த டெராப்பின் என்னும் எஸ்எஸ்எச் பாதுகாப்புப் பழுதுக்கு ஓபன்எஸ்எஸ்எச் தந்த திருத்தம் 9.6இல் வந்தது. டெபியன் 12இல் அதே திருத்தம் 9.2பி1-2+டெப்12யூ2 என்ற எண்ணோடு வந்தது. வாலில் உள்ள 'யூ2' என்பதை விட்டுவிட்டு 9.2ஐ மட்டும் படிக்கும் கருவி பயமுறுத்தத்தான் செய்யும். நீங்களே இறக்கி நிறுவினால் அடுத்த பழுதுக்கு யாரும் உங்களுக்குத் திருத்தம் அனுப்பமாட்டார்கள். டெபியன் பாதுகாப்புக் குழுவின் பக்கத்தில் ஒவ்வொரு பழுதுக்கும் எந்தப் பதிப்பில் சரியானது என்று இருக்கிறது. அச்சிட்டுத் தணிக்கையாளரிடம் கொடுங்கள்.

தம்பி, இதையும் கவனியுங்கள். பழைய பதிப்பில் புதிய திருத்தத்தை ஒட்டுவது மூல நிரலைத் தொடுவதுதான். தொடவே கூடாது என்றால் இந்த வேலையே நின்றுவிடும்.

10 ஜூலை 2025, இரவு 11.30

இந்த வாரம் ஆனித் தேர். டவுன் பக்கமே போக முடியவில்லை. நெல்லையப்பர் தேரை வடம் பிடித்துவிட்டு வந்த தோள்வலியோடு என் தம்பி திண்ணையில் படுத்திருக்கிறான்.

வள்ளியூர் தம்பி புதிய கேள்வியோடு வந்திருக்கிறார். தலைமடையின் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே அனுப்பினால் பிழைக்கே இடமில்லையே என்கிறார்.

ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் நான் முதலில் செய்வது அதைத்தான். தலைமடையின் பொதுச்சாவி பொதிக்குள்ளேயே இருக்கிறது. இறக்கிய கோப்பின் கையொப்பம் அதோடு பொருந்தாவிட்டால் கருவி மேலே போக விடாது. கையொப்பம் பொருந்திவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

11 ஜூலை 2025, காலை 5.45

தூக்கத்தில் உறுத்தியது. பாதிக் கவலை தீர்ந்தது என்று எழுதியது மிகை. எக்ஸ்இசட் கள்ளக்கதவுச் சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

2024 மார்ச் 29 அன்று வெளிவந்த செய்தி. ஆந்திரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலர், தன் டெபியன் இயந்திரத்தில் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டினார். எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக்கதவு இருந்தது. அந்த வெளியீடுகளின் கையொப்பம் முற்றிலும் சரி. கையொப்பமிட்டவர் தலைமடையின் அதிகாரபூர்வப் பராமரிப்பாளர். கதவை வைத்தவரும் அவரே. கையொப்பம், யார் அனுப்பினார் என்று மட்டும்தான் சொல்லும்.

நம்முடைய பங்கும் இதில் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. சேவை தொடங்கிவிட்டதை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தெரிவிப்பதற்காக டெபியனும் வேறு சில இயங்குதளங்களும் எஸ்எஸ்எச் சர்வரில் ஒரு பேட்ச் போட்டிருந்தன. அதற்குத் தேவைப்பட்ட சிஸ்டம்டி நூலகம் எக்ஸ்இசட் நூலகத்தை இழுத்துவந்தது. கதவுக்கு வழி அப்படிக் கிடைத்தது. இதில் உங்கள் கட்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன், தம்பி, முழு மனதோடு.

ஆனால் அப்படியே அனுப்பியவர்கள் நஞ்சையும் அப்படியே அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கதவைத் திறந்துவிடும் கோப்பு, வெளியிட்ட தொகுப்பில் இருந்தது. மூல நிரலை எல்லோரும் படிக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. நஞ்சின் பெரும்பகுதி சோதனைக் கோப்பு என்ற பெயரில் களஞ்சியத்திலேயே கிடந்தது. நல்லவேளையாக டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது வரவில்லை. சோதனைக் கிளை போன்ற, இன்னும் வெளியாகாத கிளைகளிலேயே இருந்தது. அன்றிலிருந்து தொகுப்பையும் களஞ்சியத்தில் அதே பதிப்புக்குரிய கோப்புகளையும் ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் காரணம் தெரிந்த பிறகே கட்டத் தொடங்குகிறேன். மாதம் ஒரு ஞாயிறு இதில் போகிறது.

அந்தச் சம்பவத்தில் என்னை அழவைத்தது வேறு. பழைய பராமரிப்பாளர் தனியாக, ஊதியம் இல்லாமல், மனநலச் சிக்கல்களோடு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஏன் இன்னும் புதிய வெளியீடு இல்லை, முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடு என்று 2022இல் முன்பின் தெரியாத பெயர்கள் வந்து அவரை நெருக்கின. அந்த நெருக்கடியில்தான் உதவிக்கு வந்தவரிடம் பொறுப்பு கைமாறியது.

19 ஜூலை 2025, இரவு 8.15

தனியாக இருப்பதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டதால், 2023 டிசம்பர் பற்றியும் எழுதுகிறேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பரில், டெபியன்காரர்கள் கூடும் டெப்கான்ஃப் மாநாடு கொச்சியில் நடந்தது. உலகம் சுற்றும் மாநாடு நம் மலைக்கு அந்தப் பக்கம் வந்திருக்கிறதே என்று பாலருவி ரயிலில் ஏறினேன். விடியும்போது கேரளத்தில் இருந்தேன். போனதன் நோக்கம், என் சாவி என்னுடையதுதான் என்று உறுதிசெய்யும் டெபியன் உறுப்பினர்களின் கையொப்பத்தை அதில் வாங்குவது. அரசு அடையாள அட்டையையும் சாவியின் விரல்ரேகை என்னும் நாற்பது எழுத்து அடையாளக் குறியையும் நேரில் காட்ட வேண்டும். அங்கே என் தலையெழுத்து, அதாவது இனிஷியல், குறுக்கே நின்றது. சாவியில் என் பெயர் மட்டும் இருக்கிறது. ஆதாரில் முன்னால் ஓரெழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவருக்கு, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அது அப்பாவின் பெயர் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சந்தேகம் தீராததால் கையொப்பமிடவில்லை. எனக்கு வருத்தமே இல்லை. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். அருகிலிருந்த தமிழ் நண்பரும் ஒரு மலையாளியும் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு கையொப்பமிட்டார்கள்.

டிசம்பர் 17, 18. அந்த மழையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் தாமிரபரணி. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் இல்லை. நான் வாடகை வீட்டு மாடியில் அக்கம்பக்கத்து ஐந்து குடும்பங்களோடு இருந்தேன்.

டெராப்பின் பழுதை ஆய்வாளர்கள் அறிவித்தது அதே டிசம்பர் 18. இணைப்பின் தொடக்கத்தில், பாதுகாப்பு முழுமையாக அமைவதற்கு முன், நடுவில் இருப்பவர் சில செய்திகளைச் செருகி வரிசை எண்ணை மாற்றி, பின்னால் வரும் செய்திகளை யாரும் அறியாமல் விழுங்கிவிடலாம். அது பலிப்பது சாச்சா20 வகையிலும் இன்னொரு வகையிலும். மறுபடியும் எங்கள் சாச்சா20.

21ஆம் தேதி கைபேசியில் சிக்னல் வந்தபோது அறுபத்து நான்கு மடல்கள். முதலில் அக்கறையான கேள்விகள். பிறகு, பராமரிப்பாளரிடமிருந்து பதில் இல்லை என்ற குறிப்பு. பிறகு, வேறொருவர் எனக்குப் பதிலாகத் திருத்தத்தை ஏற்றிவிட்டதாக அறிவிப்பு. டெபியனில் அதற்கு முறை இருக்கிறது, அவர் எந்த விதியையும் மீறவில்லை. இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. எட்டு ஆண்டுகள் நான் பார்த்த பொதியில், ஊரே வெள்ளத்தில் கிடக்கும்போது, யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று. மாலையில் மாற்றங்களை வரிவரியாகப் படித்தேன். நன்றாகச் செய்திருந்தார். நான் செய்திருந்தால் எழுதியிருக்கும் விளக்கத்தைவிட அவர் எழுதியது தெளிவு.

டெராப்பினால் யாரும் கடவுச்சொல்லைத் திருட முடியாது. மூன்று நாள் தாமதத்தில் பெரிய கேடு எதுவும் விளைந்திருக்காது. ஆனால் அது 2008 போன்ற ஒன்றாக இருந்திருந்தால்? ஜனவரியில் பொதியைக் குழுவின் பெயருக்கு மாற்றினேன். அன்று ஏற்றியவரையே உடன் பராமரிக்க அழைத்தேன், வந்தார். இப்போது மூன்று பேர் இருக்கிறோம்.

20 ஜூலை 2025, காலை 6.40

கேட்டவர்களுக்கு: வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பத்தமடையிலும் எல்லோரும் நலமாக இருந்தார்கள். ஆச்சி பாய் நெய்ய ஊறவைத்து எடுத்திருந்த கோரை முழுவதும் நாசமானது.

10 ஆகஸ்ட் 2025, மதியம் 1.20

நேற்று டெபியன் 13 வெளியானது. ஓபன்எஸ்எஸ்எல் 3.5 இதில் இருக்கிறது. குவாண்டம் கணினிகளுக்கும் தாங்கும் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட எம்எல்-கெம் முதலான முறைகள் அதனுள் வந்துவிட்டன. ஓபன்எஸ்எஸ்எச் 10.0 சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம்மையும் பழைய வளைவரை முறையையும் சேர்த்தே இயல்பாகப் பயன்படுத்துகிறது. இரண்டில் ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும். டிஎஸ்ஏ அடியோடு நீங்கிவிட்டது. 2008இன் அந்தக் கோடை விடுமுறையை நினைத்துக்கொண்டேன்.

மேம்படுத்துகிறவர்கள் கவனிக்க: பழைய டிஎஸ்ஏ சாவியை மட்டுமே நம்பித் தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைகிறவர்கள், முதலில் ஈடி25519 என்னும் புதிய வகைச் சாவி ஒன்றை அங்கே சேர்த்துவிட்டுப் பிறகு மேம்படுத்துங்கள். அண்ணாச்சி, இது உங்களுக்கும்.

31 ஆகஸ்ட் 2025, இரவு 10.10

வள்ளியூர் தம்பி முதல் பேட்சை அனுப்பியிருக்கிறார்! எங்கள் சோதனைத் தொகுப்பு முழுவதையும் வால்கிரைண்டில் ஓட்டினாராம். ஓரிடத்தில் மதிப்பு நிரப்பாத நினைவகம் படிக்கப்படுகிறது என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அந்த இடத்தை முன்கூட்டியே பூஜ்யத்தால் நிரப்பும் ஒரு வரியை எழுதியிருக்கிறார். எச்சரிக்கை நின்றுவிட்டது. பேட்சின் தலைப்பில், தலைமடைக்கு அனுப்பப்பட்டதா என்ற இடத்தில் "தேவையில்லை" என்று எழுதியிருந்தார்.

திருப்பி அனுப்பினேன். தலைமடைக்கு எழுதுங்கள் தம்பி. எச்சரிக்கையை முழுதாக ஒட்டுங்கள். இந்த மாற்றத்தை டெபியன் பயனர்கள் எல்லோருக்கும் அனுப்ப எண்ணுகிறோம் என்ற வாக்கியம் முதல் பத்தியிலேயே இருக்கட்டும் என்றேன். ஒரு வரிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டார். தேவை என்றேன்.

6 செப்டம்பர் 2025, இரவு 9.25

தலைமடையிலிருந்து பதில் வந்துவிட்டது. பூஜ்யத்தால் நிரப்புவதை அவர்கள் ஏற்கவில்லை. எதிர்முனை பாதியில் துண்டித்துக்கொள்ளும்போது, செய்தியின் நீளம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே அந்த நீளத்தை ஒரு செயற்கூறு பயன்படுத்துகிறது. வால்கிரைண்ட் காட்டியது அதைத்தான். பூஜ்யம் போட்டிருந்தால் எச்சரிக்கை மறைந்து பிழை உள்ளேயே இருந்திருக்கும். திருத்தத்தை வேறொரு கோப்பில், நான்கு வரிகளில் அவர்களே எழுதிவிட்டார்கள். கண்டுபிடித்தவர் என்று தம்பியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த வெளியீட்டில் அது தானாகவே வந்துவிடும் என்பதால் தம்பியின் பேட்சை நான் சேர்க்கவில்லை. எண்ணிக்கை ஏழிலேயே நிற்கிறது. நிலையான வெளியீட்டுக்கு மட்டும் அந்த நான்கு வரிகளைப் பழைய பதிப்பில் ஒட்ட வேண்டும். பழைய பதிப்பில் அந்தச் செயற்கூறு வேறு மாதிரி இருக்கிறது, அப்படியே ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனுக்கு வருகிறேன் என்றார் தம்பி. மடிக்கணினியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.